நான்காவது சாவு செல்லாது

கமர்நிசாவை ஈஸ்வரி இதுவரை மூன்று முறை கொன்றிருக்கிறாள். மூன்றும் ஞாயிற்றுக்கிழமை, மூன்றும் சாயங்காலம் ஐந்து மணிக்குள், மூன்றும் கமர்நிசாவின் சொந்த மாடியில். முதல் முறை பாழ்மண்டபத்தில் வைத்து ஈட்டியால். இரண்டாம் முறை ஆற்றில் தள்ளி. மூன்றாம் முறை கிணற்றுக்குள் கயிற்றை அறுத்து விட்டு. அந்த மூன்றாவதுக்குக் கமர்நிசா போட்ட சத்தத்தில், கீழே சாக்குக் கடையில் உட்கார்ந்திருந்த அவள் வீட்டுக்காரர் அல்லா பிச்சை பதறிப்போய்ப் படியேறி வந்துவிட்டார்.

"என்னம்மா, யாருக்கு என்ன?"

"நான் செத்துட்டேன்."

"திரும்பவுமா?" என்று கேட்டுவிட்டு அவர் இறங்கிப் போய்க் கடைக்குப் பின்னால் இருக்கும் அடுப்பில் டீ வைத்தார்.

எல்லாம் விளையாட்டில்தான். போடியில் ஏலக்காய் ஏலக் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பவித்ரா, கோயம்புத்தூரில் படித்த காலத்தில் ஹாஸ்டலில் கற்றுக்கொண்டு வந்தது. ஒரு ஆள் கதை நடத்த வேண்டும். காடு இப்படி இருக்கிறது, கதவு பூட்டியிருக்கிறது, உள்ளே எதிரி உறுமுகிறான் என்று சொல்வதும், எதிரிகள் அத்தனை பேருக்கும் கையும் காலும் மூளையுமாக இருப்பதும் அந்த ஆளின் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வீரனோ மந்திரவாதியோ ஆகி, நான் இதைச் செய்கிறேன் என்று சொல்லிப் பகடையை உருட்ட வேண்டும். பகடைக்கு இருபது முகம். அதைப் பார்த்த முதல் நாளே ஜீப் ஓட்டும் சின்ராசு, "இதென்ன நெல்லிக்காயாட்டம் இருக்கு?" என்றார். அன்றிலிருந்து அது நெல்லிக்காய்தான். பெரிய எண் விழுந்தால் நினைத்தது நடக்கும். அடி வாங்கினால் உயிர் குறையும். உயிருக்குக் கணக்கு ஆளுக்குப் பன்னிரண்டு புளியங்கொட்டை.

எதிரிகளுக்குப் பவித்ரா ஏதோ இங்கிலீஷ் பெயர் சொன்னாள். முழங்கால் உயரம், கூர்மையான காது, கூட்டமாக வந்து திருடும் என்றாள். "அப்படின்னா குறளி" என்று கமர்நிசா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பலகையில் வைக்கக் காய்கள் வேண்டுமே என்றபோது அவளே அடுப்படியிலிருந்து ஏலக்காய் டப்பாவை எடுத்து வந்தாள். நல்ல பச்சைக் காய் வீரர்கள். வெடித்த காய், வெளுத்த காய் எல்லாம் குறளிகள். செத்த குறளிகளை அல்லா பிச்சை தட்டி டீயில் போட்டுவிடுவார். சண்டை நன்றாக நடந்த ஞாயிற்றுக்கிழமைகளில் டீ மணக்கும்.

மூன்று வாரம் பவித்ராவே நடத்தினாள். நாலாவது வாரம், "எனக்கும் விளையாடணும்க்கா. வேற யாராவது நடத்துங்க" என்றாள். ஈஸ்வரியின் பெயரைச் சொன்னது கமர்நிசாதான்.

"பதினாலு பொம்பளைகளை மேய்க்கிறவளுக்குப் பதினாலு குறளியை மேய்க்கத் தெரியாதா?"

ஈஸ்வரி சிலமலையில் பிறந்தவள். பத்தாவது வரை படிப்பு, இருபது வயதில் கல்யாணம். புருஷன் சோணை மலையில் ஒரு எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்க்கிறார். திங்கட்கிழமை காலை ஜீப் ஏறினால் சனிக்கிழமை இரவுதான் வீடு. ஞாயிறு முழுக்கத் தூக்கம். நாற்பத்தாறு வயது ஈஸ்வரி, காய் பொறுக்கும் குடோன் ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறாள். அதில் கடைசிப் பதினோரு வருஷம் மேஸ்திரி.

மேஸ்திரி வேலை என்றால் அதட்டுவது இல்லை. காலையில் மூட்டை பிரித்துக் கொடுப்பதுதான் அதில் பெரிய சோலி. எல்லா மூட்டையும் ஒன்றுபோல இருக்காது. ஒன்றில் காய் சுத்தமாக இருக்கும், கை தானாக ஓடும். இன்னொன்றில் காம்பும் தூசியும் வெடித்ததுமாக, உட்கார்ந்து முதுகு ஒடிய வேண்டியிருக்கும். கூலி கிலோவுக்கு. ஆகவே யாருக்கு எந்த மூட்டை என்பதில் பதினாலு ஜோடிக் கண்களும் ஈஸ்வரியின் கை மேலேயே இருக்கும். பதினோரு வருஷத்தில் 'மேஸ்திரி ஓரவஞ்சனை பண்ணுது' என்று ஒருத்தி சொன்னதில்லை. ஈஸ்வரிக்கு அது தாலிச் சங்கிலிக்கு அடுத்த சொத்து.

அப்படிப்பட்டவளைத்தான் கமர்நிசா, அந்தக் கிணற்றடிச் சாவன்று, அநியாயக்காரி என்றாள்.

நடந்தது இது. விளையாட்டிலும் கமர்நிசாவின் பெயர் கமர்நிசாதான். "புதுப்பேரு வச்சா யாரோ சண்டை போடுற மாதிரி இருக்கு" என்று மறுத்துவிட்டாள். செத்தால் அடுத்த வாரம் அதே பெயரில், அதே வாளோடு வந்து நிற்பாள். அன்று கிணற்றில் தொங்கியது கமர்நிசா மூன்று. சின்ராசு நெருப்பு மந்திரவாதி, அக்கினிராசு என்று பெயர். கதவு பூட்டியிருந்தாலும் கொளுத்துவார், திறந்திருந்தாலும் கொளுத்துவார். பவித்ரா காயம் ஆற்றும் வைத்தியச்சி. ஊர்க் கிணற்றடியில் ஒன்பது குறளிகள் கூடாரம் போட்டிருக்கின்றன.

"தம்பி, இங்க பாரு" என்று சின்ராசுவிடம் கமர்நிசா திட்டம் சொன்னாள். "நான் கிணத்துக்குள்ள கயித்தைப் பிடிச்சுத் தொங்குறேன். நீ அங்குட்டுப் போயித் தீயை வை. குறளியெல்லாம் தீயைப் பாக்கப் போகும். நான் ஏறி வந்து தலைவனை முடிக்கிறேன்."

நல்ல திட்டம். சின்ராசு வைக்கோல் போரைக் கொளுத்தினார். ஈஸ்வரியின் ஒன்பது குறளிகளும் தீயைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே கிணற்றுக்கு வந்து கயிற்றை அறுத்தன.

"அதுக என்னைய எப்படிக் கண்டுச்சுக?" என்று கமர்நிசா கேட்டாள்.

"நீங்கதானக்கா சொன்னீங்க, கயித்துல தொங்குறேன்னு."

"உன்கிட்டச் சொன்னேன். குறளிகிட்டச் சொன்னேனா?"

ஈஸ்வரிக்குத் தெரிந்த ஆட்டம் தாயம். சிலமலையில் தாயம் ஆடி வளர்ந்த கை அவளுடையது. தாயத்தில் ஒளிவு மறைவு கிடையாது. என் காய் எங்கே நிற்கிறது என்று உனக்குத் தெரியும், உன் காய் எனக்குத் தெரியும். எண் விழுந்தால் வெட்ட வேண்டும். சுற்றி முடித்துப் பழம் எடுக்கப் போகிற காயை வெட்டினால் இன்னும் சிறப்பு. குறளிகளையும் அவள் தாயக்காய் மாதிரியே நகர்த்திவிட்டாள். பலகையில் இருப்பதெல்லாம் குறளிக்கும் தெரியும் என்று நினைத்தாளே தவிர, முழங்கால் உயரக் குறளி ஒன்று கிணற்றடியில் நின்றுகொண்டு எதைப் பார்த்திருக்கும், எதைக் கேட்டிருக்கும் என்று யோசிக்கவில்லை.

"சரி, விடுங்கக்கா. வெளையாட்டுத்தான?" என்றார் சின்ராசு.

"செத்தது நீயா நானா?" என்றாள் கமர்நிசா.

ஈஸ்வரிக்கு அந்த வாரம் முழுக்க மனசு சரியில்லை. மன்னிப்புக் கேட்கிற ஆளும் இல்லை அவள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு ஒரு வழி பண்ணினாள். வீட்டிலிருந்து புடைக்கிற சொளகைக் கொண்டுபோய்த் தன் முன்னால் நிமிர்த்தி வைத்து, அதன் மறைவில் நெல்லிக்காயை உருட்டினாள்.

"இதெதுக்கு?" என்றாள் கமர்நிசா.

"பவிதான் சொன்னா, கதை நடத்துறவுக மறைச்சு உருட்டலாம்னு."

"உருட்டலாம்தான்" என்றாள் பவித்ரா, இழுத்தாற்போல.

அன்றைய குறளிகள் பரம சாதுக்கள். ஆறு பேர் வந்தார்கள். ஒருவன் அடித்து முடிக்கும் வரை மற்ற ஐந்து பேரும் காத்திருந்தார்கள். கமர்நிசா நாலின் மேல் வீசிய ஈட்டியெல்லாம் மரத்தில் போய்க் குத்தியது. சொளகுக்குப் பின்னால் நெல்லிக்காய் உருளும், ஈஸ்வரி எட்டிப் பார்ப்பாள், "மூணு. படல" என்பாள். மறுபடி உருளும். "நாலு. படல."

"இன்னைக்கு நம்ம ராசி!" என்று சின்ராசு தொடையில் தட்டினார்.

கமர்நிசா சாக்குக் கடையில் முப்பது வருஷமாக உட்கார்ந்து, எதிரே நிற்கிறவன் என்ன விலைக்கு மசிவான் என்று முகத்தைப் பார்த்தே சொல்கிறவள். ஐந்தாவது தடவை "நாலு" என்ற சொல் காதில் விழுந்ததும், கையை நீட்டிச் சொளகைச் சாய்த்தாள். பலகையில் நெல்லிக்காய் பத்தொன்பதைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

சின்ராசு தொடையில் தட்டிய கையை இறக்கிக்கொண்டார்.

"ரேஷன் கடையில நிக்கிற மாதிரி வரிசையா வர்றப்பவே நெனச்சேன்" என்றாள் கமர்நிசா. குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "எனக்கு விட்டுக்குடுக்குறியாடி?"

"இல்லக்கா, போன வாரம் நீங்க..."

"போன வாரம் அநியாயமாக் கொன்ன. இந்த வாரம் அநியாயமாக் காப்பாத்துற. கொன்னப்பக்கூட எனக்குக் கோவந்தான் வந்துச்சு. இப்ப அசிங்கமா இருக்கு. நான் என்ன, சின்னப் பிள்ளையா? ஜெயிச்சுட்ட, ஜெயிச்சுட்டன்னு கையைத் தட்டுறதுக்கு?"

ஈஸ்வரி சொளகை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"கேட்டுக்க. சீசன் ஆரம்பிக்குது. மேல சாக்கு அடுக்கணும், ரூமைக் குடுன்னு இவரு ஒரு மாசமாக் கேக்குறாரு. நான்தான் நம்ம விளையாட்டுக்காகச் சாவியைக் குடுக்காம இருக்கேன். அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரு தடவை பாப்பேன். குறளி குறளியா இருக்கணும். என்னையக் கொன்னாலும் நியாயமாக் கொல்லணும், விட்டாலும் நியாயமா விடணும். இல்லேன்னா திங்கக்கிழமை லோடு இறங்கிரும்."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஈஸ்வரிக்கு அதே நினைப்பு. அந்த மாடி போனால் வேறு மாடி கிடைக்காது. அவள் வீட்டில் சோணை தூங்குவார். சின்ராசு வீட்டில் ஆறு பேர், ஒரு அறை. பவித்ராவின் மாமியாருக்கு இந்த ஆட்டம் என்னவென்று இன்னமும் தெரியாது. ஞாயிறு மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரைதான் ஈஸ்வரியிடம் யாரும் காபி கேட்காத, மூட்டை கேட்காத, சாவி எங்கே, சட்டை எங்கே என்று கேட்காத நேரம். அந்த மூன்று மணி நேரத்தில் அவள் மலையை உண்டாக்குவாள், ஆற்றைத் திருப்பிவிடுவாள். அது போனால் போகட்டும் என்றுகூட விட்டுவிடலாம். நியாயம் தெரியாதவள் என்று கமர்நிசா வாயால் பேர் வாங்கிக்கொண்டு போவதுதான் முடியாது.

சோணையிடம் சொன்னாள். அவர் கட்டிலில் புரண்டு படுத்தார்.

"குறளிதான ஜெயிக்கட்டுமே. பாவம், அதுகளுக்கு யாரு இருக்கா?"

புதன்கிழமை அவள் லீவு போட்டுவிட்டு மலைக்குப் போனாள். குடோனில் வேலை பார்க்கும் பானுப்பிரியாவின் அக்கா மகளுக்கு எஸ்டேட்டில் சடங்கு. சின்ராசுவின் ஜீப்பில்தான் போனதும் வந்ததும். திரும்பும்போது போடிமெட்டில் டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். பனி இறங்கி, எதிர்ப்பக்கத்துக் கடையே மங்கலாகத் தெரிந்தது. வழக்கம்போல அங்கே குரங்குகள்.

ஈஸ்வரி டீயைக் கையில் வைத்துக்கொண்டு குரங்குகளையே பார்த்தாள். ஏழு இருந்தன. சின்ராசு கையில் கம்பு இருந்தது. அவர் பக்கம் ஒன்றுகூட வரவில்லை. பக்கத்தில் நின்ற இன்னொரு டிரைவர் சட்டைப் பைக்குள் உண்டிவில் வைத்திருந்தார். அது குரங்குகளுக்குத் தெரியாது, ஆகவே அவர் காலடியிலேயே இரண்டு உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தன. பெரிய ஆண் குரங்கு மட்டும் ஜீப்பின் மேல் உட்கார்ந்து ஒவ்வொருவர் கையையும் நோட்டம் விட்டது. போனில் பேசிக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் முறுக்குப் பாக்கெட்டில் அதன் கண் நின்றது. ஒரு குட்டிக் குரங்கு அந்த அம்மாவின் சேலையை இழுத்தது. அவர் குனிந்து பார்த்தார். அதற்குள் பெரியது இறங்கி, பாக்கெட்டைப் பிடுங்கி, மரத்தில் இருந்தது. டிரைவர் உண்டிவில்லை வெளியே எடுத்த மறு நிமிஷம் மற்ற ஆறும் சிதறிவிட்டன.

"கிடைச்ச உடனே போயிருச்சு பாத்தியா தாயி?" என்றார் சின்ராசு. "சண்டை போடவா வந்துச்சு? முறுக்குக்கு வந்துச்சு."

ஈஸ்வரி டீயைக் குடிக்க மறந்துவிட்டாள்.

"அண்ணே, உண்டிவில் இருக்கிறது அதுகளுக்குத் தெரியல."

"பைக்குள்ள இருந்தா எப்படித் தெரியும்?"

"ஆனா உங்க கம்பு தெரிஞ்சுச்சு."

"கையில வச்சிருக்கேன்ல? என்ன தாயி, குரங்குக்குச் சாட்சி சொல்லப் போறியா?"

கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் இறங்கும்போது அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். என்ன தெரியும். என்ன வேண்டும். எப்போது ஓடும். இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் குறளி தானாக நடந்துகொள்ளும். தலைக்கு மேலே இருந்து தாயக்காய் நகர்த்த வேண்டியதில்லை.

அது அவளுக்குத் தெளிந்துவிட்டது. ஆனால் கமர்நிசா நம்ப வேண்டுமே? நல்லபடியாக நடத்தினாலும், 'பயந்துபோய் விட்டுக்கொடுக்கிறாள்' என்று அவள் நினைத்துவிட்டால்?

வெள்ளிக்கிழமை குடோனில் அதற்கும் வழி கிடைத்தது. ஒரு ஏலத்தோட்ட முதலாளியின் ஆள் வந்து, தாங்கள் கொடுத்த காய் இதைவிடப் பச்சையாக இருந்தது, இங்கே மாற்றிவிட்டார்கள் என்று குதித்தான். இது மாதம் ஒரு தடவை நடப்பதுதான். மூட்டையைப் பிரிப்பதற்கு முன்னாலேயே அதிலிருந்து ஒரு பிடி காயை எடுத்து, பையில் போட்டு, நம்பர் சீட்டோடு கட்டிப் பரணில் வைத்துவிடுவது அந்தக் குடோனின் வழக்கம். அதற்குச் சாம்பிள் என்று பெயர். ஈஸ்வரி ஏணி போட்டு ஏறிச் சாம்பிளை எடுத்து வந்து, அவன் கையாலேயே முடிச்சை அவிழ்க்கச் சொன்னாள். அவிழ்த்தான். பார்த்தான். "சரி, டீ சொல்லுங்க" என்றான்.

சாம்பிளில் வித்தியாசம் இருந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் குடோனில் ஒரு வழக்கம் உண்டு. மேஸ்திரி எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, தப்பு என் பேரில் என்று சொல்ல வேண்டும். ஈஸ்வரி இதுவரை சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவள் சொளகு இல்லாமல் வந்தாள். நெல்லிக்காய் உருட்ட ஒரு எவர்சில்வர் தட்டு, முடிச்சுப் போட்ட ஒரு சிறிய மஞ்சள் துணிப்பை, இரண்டையும் பலகைக்கு நடுவில் வைத்தாள்.

"என்னது அது?" என்றாள் கமர்நிசா.

"சாம்பிள். இன்னைக்கு வர்ற குறளிக்கு என்ன தெரியும், என்ன வேணும், எப்ப ஓடும்னு முன்னாடியே எழுதிக் கட்டிட்டேன். சண்டை முடிஞ்சதும் நீங்களே அவுத்துப் பாருங்க. எழுதுனதுக்கு மாறா ஒரு குறளி மூக்கைச் சொறிஞ்சிருந்தாலும் கேளுங்க."

கமர்நிசா பையை எடுத்து முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"நெல்லிக்காய்?"

"தட்டுல. எல்லாரும் பாக்க."

கதை இதுதான். கணவாய்க்கு அந்தப் பக்கம் உள்ள ஊருக்கு மூன்று பேரும் சரக்குச் சுமந்து போகிறார்கள். யாரிடம் என்ன சரக்கு என்று கமர்நிசா எப்போதும் ஒரு சீட்டில் எழுதி வைத்திருப்பாள், சாக்குக் கடைக்காரி புத்தி. வழியில் ஒரு கயிற்றுப் பாலம். அந்தக் கரையில் ஆறு குறளிகள்.

"என்ன பண்ணிக்கிட்டு இருக்குதுக?" என்று கேட்டாள் பவித்ரா.

"பாலத்தோட கைப்பிடிக் கயித்தை நக்கிக்கிட்டு இருக்குதுக."

"ச்சீ!"

கமர்நிசா தொண்டையைச் செருமினாள். தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னாள். "நான் பாலத்துக்கு அடியில, கயித்தைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டே அந்தக் கரைக்குப் போறேன். கேட்டுச்சா? அடியில! நீங்க ரெண்டு பேரும் மேல வாங்க."

ஈஸ்வரிக்குக் கேட்டது. குறளிகளுக்குக் கேட்கவில்லை. அவை மேலே வருகிற இரண்டு பேரை மட்டும் பார்த்தன. கமர்நிசா புருவத்தைச் சுருக்கினாள், மறுபடியும் விட்டுக்கொடுக்கிறாளோ?

சந்தேகம் நீடிக்க நேரமில்லை. இந்த வாரம் குறளிகள் வரிசையில் நிற்கவில்லை. இரண்டு பாறைமேல் ஏறிக் கல்லெறிந்து சின்ராசு மந்திரம் சொல்ல முடியாமல் குனிய வைத்தன. இரண்டு பாலத்துக்குள் ஓடி வந்து அவர் காலைப் பிடித்தன. தட்டில் நெல்லிக்காய் கணகணவென்று உருண்டு பதினாறு காட்டியது. எல்லோரும் பார்த்தார்கள்.

"ஏய், ஏய், என்னையத் தரதரன்னு இழுக்குதுகளே!" என்று சின்ராசு நிஜமாகவே காலை மடக்கிக்கொண்டார்.

ஏழு புளியங்கொட்டை போயிற்று. இரண்டாம் சுற்றில் அவர் முதுகிலிருந்த மூட்டையையும் பிடுங்கிவிட்டன. பவித்ரா ஓடிப்போய் மருந்து வைத்தாள், நெல்லிக்காய் இரண்டு காட்டியது, காயம் ஆறவில்லை. அதே சுற்றில் கமர்நிசா, அதாவது கமர்நிசா நாலு, அடியிலிருந்து கரையேறித் தலைவனின் முதுகில் வாளை இறக்கினாள். பதினேழு! தலைவன் அலறிக்கொண்டு திரும்பினான்.

"இப்பத்தான் உங்களைப் பாக்குறான்" என்றாள் ஈஸ்வரி.

கமர்நிசா முகத்தில் முதல் தடவையாக ஒரு சந்தோஷம் தெரிந்தது.

மூன்றாம் சுற்று. தலைவனும் இன்னும் இரண்டு குறளிகளும் அவளைப் பள்ளத்தின் விளிம்பில் சுற்றி வளைத்தன. ஈஸ்வரி உருட்டினாள். பதினெட்டு. உருட்டினாள். பதினொன்று. மூன்றாவது தடவை நெல்லிக்காய் தட்டின் ஓரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, இருபதில் வந்து நின்றது. இருபதுக்கு இரட்டை அடி.

கமர்நிசாவிடம் இருந்த பன்னிரண்டு புளியங்கொட்டையும் போயிற்று. பச்சைக் காயை ஈஸ்வரியே விரலால் தள்ளிப் படுக்க வைத்தாள். எண்ணை மாற்றிச் சொல்லவில்லை.

"ஆத்தாடி..." என்றார் சின்ராசு, பயத்தில்.

கமர்நிசா மஞ்சள் பையை எடுத்தாள். முடிச்சை அவிழ்த்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தாள்.

"தெரிந்தது: பாலத்தின் மேல் வருகிறவர்களை மட்டும் தெரியும். பள்ளம் என்றால் பயம், கீழே பார்க்க மாட்டார்கள்." நிமிர்ந்து ஈஸ்வரியைப் பார்த்தாள். "சரி. அதான் என்னையப் பாக்கல." மறுபடி குனிந்தாள். "வேண்டியது: உப்பு. வேறு எதுவும் வேண்டாம்."

"அதான் கயித்தை நக்குச்சுகளா!" என்று பவித்ரா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஆளுக கை வேர்வை! உப்பைக் குடுத்திருந்தா வழி விட்டிருக்குமேக்கா!"

"இரு பவி. இன்னும் இருக்கு. எப்போது ஓடும்: தலைவன் விழுந்தால். மூன்று பேர் விழுந்தால். அல்லது உப்பு கையில் கிடைத்த உடனே."

கமர்நிசா வாசிப்பதை நிறுத்தினாள். சீட்டை மடியில் வைத்தாள். இடுப்பிலிருந்து இன்னொரு சீட்டை எடுத்தாள், தன்னுடைய சரக்குச் சீட்டு.

"சின்ராசு. கயிறு, தீப்பெட்டி..." விரல் மெதுவாக இறங்கியது. "உப்பு."

ஈஸ்வரி கமர்நிசாவின் மடியிலிருந்த தன் சீட்டை எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, உன் மூட்டையை எப்பப் புடுங்குச்சுக?"

"ரெண்டாஞ் சுத்துலக்கா."

"என்னைய எப்பக் கொன்னுச்சுக?"

"மூணாஞ்..." என்று ஆரம்பித்து சின்ராசு வாயை மூடிக்கொண்டார்.

"உப்பு கையில கிடைச்ச உடனே ஓடுற குறளி, மூணாஞ் சுத்துல அங்க நின்னு என்ன பண்ணுச்சு? என்னையக் கொல்றதுக்கு ஓவர்டைம் பாத்துச்சா?"

குறளி கீழே பார்க்கக் கூடாது, எண்ணை மாற்றக் கூடாது, வரிசையில் நிற்க வைக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் காத்தவள், தன் கையால் எழுதிய கடைசி வரியைச் சண்டை மும்முரத்தில் மறந்துவிட்டாள். ஈஸ்வரி சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள்.

"தப்பு என் பேர்ல" என்றாள்.

குடோனில் பதினோரு வருஷமாகச் சொல்லாததைச் சொன்னதும் காது சூடானது. திங்கட்கிழமை லோடு இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது.

கமர்நிசா கண்ணாடியைக் கழற்றினாள். அவள் முகத்தில் கோபத்தைத் தேடினால் கிடைக்கவில்லை. பெரிய வியாபாரி ஒருவனைத் தராசில் கையும் களவுமாகப் பிடித்தவளைப் போலப் பூரித்துப் போயிருந்தாள்.

"உன் சாம்பிள்லயே உன்னையப் பிடிச்சேன் பாத்தியா? உக்காருடி. நாலாவது சாவு செல்லாது."

"செல்லாதுக்கா" என்று ஈஸ்வரி படுத்திருந்த பச்சைக் காயை நிமிர்த்தி வைத்தாள். பன்னிரண்டு புளியங்கொட்டையையும் எண்ணித் திருப்பிக் கொடுத்தாள்.

"அந்தக் கிணத்தடிச் சாவும் செல்லாதுன்னு எழுது."

"அதுக்குச் சாம்பிள் இல்லையேக்கா."

"கயித்துல தொங்குனது குறளிக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுதான். ஆனா சாம்பிள் கட்டாத மூட்டைக்குப் பஞ்சாயத்துக் கிடையாது. எங்க குடோன் வழக்கம்."

கமர்நிசா ஒரு நிமிஷம் முறைத்தாள். பிறகு, விலை படியாத இடத்தில் எழுந்துபோகிறவளைப் போலக் கையை உதறினாள். "சரி போ. மூணு சாவு மூணு சாவாவே இருக்கட்டும்."

அல்லா பிச்சை டீத் தட்டோடு படியேறி வந்தார். "இன்னைக்கு எத்தனை குறளி?" என்று டம்ளரை வைத்துக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணும் சாகல. எல்லாம் உப்போட ஓடிப்போச்சுக" என்றாள் பவித்ரா.

"அப்ப வெறும் டீதான்." அவர் சுவர் ஓரத்தைக் கண்ணால் அளந்தார். "நாளைக்கு லோடு வருதும்மா. இங்குட்டுத்தான அடுக்கணும்?"

"கடைக்குப் பின்னாடி தார்ப்பாய் போட்டு அடுக்குங்க" என்றாள் கமர்நிசா. "இங்க கேஸு நடக்குறது கண்ணுக்குத் தெரியலையா?" பிறகு அந்த மஞ்சள் பையை ஈஸ்வரி பக்கம் தள்ளினாள். "இதென்னடி பை, இத்தனூண்டு? கீழ போறப்ப நல்ல சணல் பையாப் பாத்து எடுத்துக்க. எழுதுறதை இன்னும் வெவரமா எழுது. ஓடுற குறளி எங்க ஓடும்னு எழுதல பாரு. அந்த உப்பு என் உப்பு. விடமாட்டேன்."

ஈஸ்வரி டீயை எடுத்துக்கொண்டாள். ஏலக்காய் இல்லாத டீதான். ஆறு மணிக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

சின்ராசு மட்டும் தன்னிடம் மிச்சமிருந்த ஐந்து புளியங்கொட்டைகளைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என்னையக் காலைப் பிடிச்சு இழுத்துச்சுகளே, அது?"

"அது செல்லும்" என்றார்கள் மூன்று பெண்களும்.